கள்ளுக்கு ஒரு நாள், வைனுக்கு ஒரு மாதம்: குளிரில் வேலை செய்யும் மதுவங்கள்

தென்னங்கள்ளுக்கு ஆயுள் ஒரு நாள்தான். புத்தளம் மாவட்டக் கரையோரமாக வென்னப்புவ, மாரவில, சிலாபம் என்று வடக்கு நோக்கிப் போனால் வழியெல்லாம் தென்னந்தோட்டங்கள். காலையில் முட்டியிலிருந்து இறக்கும்போது இனிப்பும் இலேசான காரமுமாக இருக்கும் கள், பின்னேரமாகும்போது கடுத்துவிடும். அடுத்த நாள் புளிப்பு. அதற்குப் பிறகும் விட்டுவைத்தால் வினாகிரி. கற்பிட்டிப் பக்கத்துப் பனையிலும் இதே கதை. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மன்னாரிலும் இதே கதை. சீவல் தொழிலாளியிடம் பேரம் பேசுபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். வாங்குபவர் காத்திருக்கலாம், விற்பவரால் முடியாது.

ஐரோப்பாவில் வெள்ளை வைன் செய்பவர்கள் திராட்சைச் சாற்றை 12 முதல் 15 பாகை செல்சியஸ் குளிரில் வைத்து மூன்று, நான்கு கிழமைகள், சில வேளைகளில் அதற்கும் மேலாக நொதிக்க விடுகிறார்கள். இரண்டு இடத்திலும் வேலை செய்வது பெரும்பாலும் ஒரே இன உயிர். அதன் பெயர் சக்கரோமைசிஸ் செரவிசியே. பள்ளிக்கூடப் புத்தகத்தில் மதுவம் என்று படித்தோமே, பேக்கரியில் ஈஸ்ட் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான்.

இங்கே ஒரு நாளில் முடியும் வேலை அங்கே எப்படி ஒரு மாதம் நீள்கிறது? அந்தக் குளிரில் மதுவம் எப்படிச் சாகாமல் இருக்கிறது? இந்தக் கேள்விகள் எனக்கு வந்தது குடியில் உள்ள ஆர்வத்தால் அல்ல. போருக்குப் பிந்திய எங்கள் ஊர்களில் மதுவும் கசிப்பும் எத்தனை வீடுகளைக் குலைத்திருக்கின்றன என்று எழுதி வந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் மரம் ஏறுபவரின் ஒரு நாள் உழைப்பு மாலைக்குள் பெறுமதி இழப்பதும் அதே ஊர்களில்தான் நடக்கிறது. அந்த இழப்புக்குக் காரணம் சந்தை மட்டும் என்றுதான் பலரும் பேசுகிறார்கள். வெப்பநிலையும் ஒரு காரணம். அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

முட்டிக்குள் இருப்பவை

தென்னை ஆராய்ச்சி நிறுவகம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. வென்னப்புவவுக்கு உள்ளே, லுணுவிலவில், பண்டிரிப்புவ தோட்டத்தில். 1929இல் தென்னை ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கிய இடம். புத்தளம், குருநாகல், கம்பஹா மாவட்டங்களைச் சேர்த்துத் தென்னை முக்கோணம் என்பார்கள்; அதன் நடுவே, கடற்காற்றுக்கு எட்டிய தூரத்தில் அது இருக்கிறது.

தென்னங்கள்ளின் உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு இன்றைக்கும் உலகம் மேற்கோள் காட்டும் ஆய்வு ஒன்று இலங்கையிலிருந்து வந்தது. அற்புதராஜா, விதானபத்திரன, சமரஜீவ ஆகிய மூவரும் 1986இல் வெளியிட்டது. நொதிக்கும் தென்னம் பதநீரிலிருந்து மதுவங்களில் 166 மாதிரிகளையும் பற்றீரியாக்களில் 39 மாதிரிகளையும் அவர்கள் பிரித்தெடுத்து அடையாளம் கண்டார்கள். மதுவங்களில் மட்டும் 17 இனங்கள், எட்டுப் பேரினங்களைச் சேர்ந்தவை. ஆகக் கூடுதலாக இருந்தது அக்காலத்தில் சக்கரோமைசிஸ் செவாலியேரி என்று அழைக்கப்பட்டது. மொத்த மதுவ மாதிரிகளில் 35 வீதம். இன்றைய வகைப்பாட்டில் அது வேறு இனமல்ல, செரவிசியேதான்.

யாரும் மதுவத்தை வாங்கி முட்டிக்குள் போடுவதில்லை. பாளையை நாடி வரும் பூச்சிகள், பாளைக்கத்தி, முதல் நாள் முட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வண்டல், எல்லாவற்றிலிருந்தும் அது வந்து சேருகிறது. பாளையிலிருந்து சொட்டும்போது பதநீரில் ஏறத்தாழ 12 முதல் 17 வீதம் வரை சுக்குரோசு இருக்கும்; அமிலத்தன்மை கிட்டத்தட்ட இல்லை. முதலில் இலற்றிக் அமிலப் பற்றீரியாக்கள் கைவைக்கின்றன. பிறகு மதுவங்கள் சீனியை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகின்றன. கடைசியில் அசற்றிக் அமிலப் பற்றீரியாக்கள் வந்து மதுசாரத்தை வினாகிரி ஆக்குகின்றன. இந்த மூன்று கட்டங்களையும் அந்த ஆய்வு வரிசைப்படுத்திக் காட்டியது. சீவல் தொழிலாளிக்கு இது புதிய செய்தியல்ல. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர் இனிப்பாகவே இருக்கும் என்பதும், பூசாவிட்டால் கள்ளாகும் என்பதும் நுண்ணுயிர் என்ற சொல் வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். சிங்களக் கிராமங்களில் சுண்ணாம்புக்குப் பதிலாக ஹல் மரப்பட்டை போடுவார்கள். இந்தத் தொழிலைச் செய்தவர்களைச் சாதி சொல்லித் தள்ளிவைத்த சமூகம் அவர்களுடைய அறிவையும் அறிவாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது.

இனி வெப்பநிலைக்கு வருவோம். இந்தக் கரையில் பகலில் 30 பாகைக்கு மேல். தை மாத இரவிலும் 20க்குக் கீழே பெரும்பாலும் இறங்காது. செரவிசியே மிக வேகமாகப் பெருகும் வெப்பநிலையும் ஏறத்தாழ 30 பாகைதான். அதாவது நாங்கள் முட்டி கட்டும் காற்று, மதுவத்துக்கு யாரோ அளந்து வைத்தது போன்ற காற்று. பத்துப் பாகை குறைந்தால் உயிர்வேதியியல் வேலைகள் பொதுவாகப் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். முப்பதிலிருந்து பதினைந்துக்கு இறங்கும்போது நடப்பது வேகக்குறைவு மட்டுமல்ல. அது மதுவத்துக்கு வேறொரு உலகம்.

குளிர் ஏன் வேண்டும்?

அப்படிச் சிரமப்படுத்தி ஏன் வைன் செய்கிறார்கள்? வாசனைக்காக. மதுவம் நொதிக்கும்போது மதுசாரம் மட்டும் செய்வதில்லை. எசுத்தர்கள் எனப்படும் மணப்பொருட்களையும் செய்கிறது. வாழைப்பழ மணம் தருவது ஒன்று, அன்னாசியையோ அப்பிளையோ நினைவூட்டுவது ஒன்று, ரோசா மணம் ஒன்று. இவை இலேசில் ஆவியாகிப் பறந்துபோகும். சூட்டில் நொதித்தால் பொங்கி வரும் காபனீரொட்சைட்டோடு சேர்ந்து வெளியேறிவிடும். குளிரில் மெதுவாக நொதித்தால் திரவத்திலேயே தங்கும். அசற்றிக் அமிலமும் குறைவாகத்தான் உருவாகும். கெடுக்கும் பற்றீரியாக்களும் குளிரில் தலையெடுப்பது கடினம்.

இதைச் சூடான நாடுகளும் கற்றுக்கொண்டிருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் சுலா என்ற நிறுவனம் 2000ஆம் ஆண்டளவில் குளிரூட்டிய துருப்பிடிக்காத உருக்குத் தாங்கிகளில் வெள்ளை வைனை நொதிக்க வைக்கத் தொடங்கியது. அதன் பிறகுதான் இந்திய வெள்ளை வைனை வெளியில் திரும்பிப் பார்த்தார்கள். குளிரூட்டி இல்லாத காலத்தில் இயற்கையைத்தான் தேடிப் போக வேண்டும். 1881இல் இலங்கையின் பியர் ஆலை மலையேறி நுவரெலியாவில் தொடங்கப்பட்டதற்கு அங்குள்ள குளிரும் ஊற்றுநீரும் காரணம் என்பார்கள்.

ஆனால் குளிரை எல்லா மதுவமும் தாங்காது. நொதித்தல் தொடங்கவே பல நாட்கள் எடுக்கலாம். தொடங்கினாலும் பாதியில் நின்றுபோகலாம். பாதியில் நின்ற தாங்கி என்பது வைன்காரருக்குப் பெரிய நட்டம்: சீனி மீதம் இருக்கும், மதுவம் செத்துக்கொண்டிருக்கும், கெடுக்கும் நுண்ணுயிர்கள் காத்திருக்கும். அதனால்தான் குளிரில் மதுவம் எப்படி வாழ்கிறது என்ற ஆராய்ச்சிக்கு அங்கே இத்தனை முக்கியத்துவம்.

தேங்காய் எண்ணெய்ப் போத்தல் சொல்வது

இதை விளங்கிக்கொள்ள ஆய்வுகூடம் வேண்டாம். புலம்பெயர்ந்த வீடுகளில் குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளையாக உறைந்து, கரண்டியால் சுரண்ட வேண்டியிருக்கும். சிலாபத்தில் அதே எண்ணெய் வருடம் முழுவதும் தண்ணீர் போல ஓடும். தேங்காய் எண்ணெய் உறையும் எல்லை ஏறத்தாழ 24 பாகை. பக்கத்தில் இருக்கும் நல்லெண்ணெய்ப் போத்தல் மட்டும் உறையாமல் நிற்கும். தேங்காய் எண்ணெயில் உள்ள கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ 90 வீதம் நிரம்பியவை. அவற்றின் சங்கிலிகள் நேராக இருப்பதால் விறகை அடுக்கியது போல நெருங்கி அடுங்கும். நல்லெண்ணெயில் பெரும்பங்கு நிரம்பாதவை. அவற்றின் சங்கிலிகள் நடுவில் மடங்கியிருக்கும். கோணல் விறகை நெருக்கி அடுக்க முடியாது அல்லவா?

மதுவக் கலத்தைச் சுற்றியிருக்கும் மென்சவ்வும் கொழுப்பால் ஆனது. 30 பாகையில் அது இளகியிருக்கும். அதற்குள் பதிந்திருக்கும் புரதங்கள் அசைந்து வேலை செய்யும், சீனியும் அமினோ அமிலங்களும் உள்ளே வரும். 12 பாகைக்கு இறக்கினால் மென்சவ்வு உறைந்த தேங்காய் எண்ணெய் போல இறுகத் தொடங்குகிறது. கதவுகள் இறுகிவிடுகின்றன. வெளியே சாப்பாடு நிறைந்திருக்க, உள்ளே பட்டினி.

குளிரைத் தாங்கும் மதுவம் என்ன செய்கிறது? தன் எண்ணெயை மாற்றுகிறது. மென்சவ்வு நெருங்கி இறுகுவதை உணரும் புரதம் ஒன்று கலத்துக்குள் இருக்கிறது. அதன் பெயர் எம்ஜிஏ2. அது ஓஎல்ஈ1 என்ற பரம்பரையலகை முடுக்கிவிடுகிறது. அந்தப் பரம்பரையலகு உருவாக்கும் நொதியம் நிரம்பிய கொழுப்பமிலத்தின் நடுவே ஒரு மடிப்பை ஏற்படுத்துகிறது. சுருக்கமாகச் சொன்னால், தேங்காய் எண்ணெய் நல்லெண்ணெயின் பக்கம் நகருகிறது. இன்னொரு வழியும் உண்டு: சங்கிலியைக் குட்டையாக்குவது. மாட்டுக்கொழுப்பும் தேங்காய் எண்ணெயும் இரண்டுமே நிரம்பிய கொழுப்பு நிறைந்தவைதான். ஆனால் மாட்டுக்கொழுப்பு 40 பாகையிலும் கட்டியாக இருக்கும், தேங்காய் எண்ணெய் 24லேயே உருகிவிடும். தேங்காய் எண்ணெயின் சங்கிலிகள் குட்டையானவை என்பதே காரணம். குளிரில் நொதிக்கும் வைன் மதுவங்களின் மென்சவ்விலும் குட்டைச் சங்கிலிகள் கூடுவதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த மடிப்பை ஏற்படுத்தும் நொதியத்துக்கு ஒட்சிசன் வேண்டும். நொதிக்கும் தாங்கியில் ஒட்சிசன் சில மணித்தியாலங்களில் தீர்ந்துவிடும். அதன் பிறகு காபனீரொட்சைட்டுத்தான். ஆகவே மதுவம் தன் நல்லெண்ணெயைத் தொடக்கத்திலேயே சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அனுபவமுள்ள வைன்காரர் முதலில் மதுவத்தை வெதுவெதுப்பான நீரில், காற்றுப் பட எழுப்புகிறார். பிறகு குளிர்ந்த சாற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பழக்குகிறார். மதுவம் இருக்கும் நீருக்கும் அது போய்ச் சேரும் சாற்றுக்கும் இடையில் பத்துப் பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது அவர்களின் பொது விதி. திடீரென்று தள்ளிவிட்டால் பாதி செத்துவிடும்.

மென்சவ்வோடு கதை முடிவதில்லை. திரிப்தோபன் என்ற அமினோ அமிலத்தை உள்ளே எடுக்கும் வாயில், குளிரில் மற்றவற்றைவிட முன்னதாகவே தளர்ந்துபோகும். அதைத் தானாகச் செய்யத் தெரியாத மதுவம் குளிரில் வளராமல் நின்றுவிடும். ஆர்என்ஏ இழைகள் குளிரில் தமக்குள்ளேயே மடிந்து சிக்கிக்கொள்வதால் புரதம் செய்யும் வேலையும் சுணங்கும். அதைச் சரிசெய்யத் தனிப் புரதங்கள் உண்டு. இன்னும் கீழே, உறைநிலைக்கு அருகில் போனால், திரேகலோசு என்ற சீனியையும் கிளிசரோலையும் கலத்துக்குள் நிறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும்.

இவையெல்லாம் செரவிசியே தன்னால் இயன்றவரை செய்வது. ஆனால் அது பிறப்பால் சூட்டுக்காரன். அதன் உறவினர்களில் குளிர்க்காரர்கள் வேறு. பிரான்சின் அல்சாஸ், ஹங்கேரியின் டோகாய் போன்ற குளிர்ந்த வைன் பிரதேசங்களில் உவாரம் என்ற இனம் தானாகவே நொதித்தலை நடத்துகிறது. குட்ரியாவ்சேவி என்ற இனம் முதலில் யப்பானில் உக்கும் இலையில் கிடைத்தது, பிறகு போர்த்துக்கல், ஸ்பெயின் நாடுகளில் ஓக் மரப்பட்டையில். செரவிசியே இவற்றோடு கலந்து கலப்பினங்களையும் உருவாக்கியிருக்கிறது. ஒருபக்கம் சீனியை வேகமாக மதுசாரமாக்கும் திறமை, மறுபக்கம் குளிரைத் தாங்கும் உடல். செரவிசியேயும் குட்ரியாவ்சேவியும் கலந்த வைன் மதுவங்களை சுவிற்சர்லாந்தின் வேடன்ஸ்வீலில் கண்டுபிடித்தார்கள். சூரிச் ஏரிக்கரையில் இருக்கும் ஊர். எங்கள் சனம் நிறைய வாழும் பகுதி அது; இதை வாசிக்கும் சிலருக்கு அங்கே ரயில் நிலையம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரிந்திருக்கும்.

இவற்றில் மிகப் பெயர்பெற்ற கலப்பினம் லாகர் பியரின் மதுவம். உலகத்தில் குடிக்கும் பியரில் பெரும்பகுதியை அதுதான் செய்கிறது. பத்துப் பாகை அளவிலும் அலுக்காமல் வேலை செய்யும். அதன் ஒரு பெற்றோர் செரவிசியே. மற்றவர் யார் என்று நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. 2011இல் தென் அமெரிக்காவின் பத்தகோனியாவில், தென்புலப் பீச் மரங்களில் வளரும் பூஞ்சணங்களில் யூபயானஸ் என்ற காட்டு மதுவத்தைக் கண்டெடுத்தபோது விடை கிடைத்தது.

கரைக்குத் திரும்பினால்

பத்தகோனியாவின் காட்டு மதுவம் மாரவிலக் கள்ளுக்கு என்ன உதவி? நேரடியாக ஒன்றுமில்லை. குளிர் மதுவத்தைக் கொண்டுவந்து முட்டிக்குள் விட்டால், 30 பாகையில் உள்ளூர்ச் செரவிசியே அதைச் சில மணித்தியாலங்களில் முந்திவிடும். இந்தக் கரையின் மதுவம் குளிரைத் தேர்ந்து வந்ததல்ல; சூட்டில் வேகமாக ஓடியவைதான் இங்கே தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கின்றன. அதற்கு ஒரு பயனும் உண்டு. அப்ப மாவைக் கள் ஊற்றிப் புளிக்க வைப்பவர்களுக்கு இரவுக்குள் மா பொங்க வேண்டும். லாகர் மதுவம் அங்கே பட்டினிதான் போடும்.

ஆனால் குளிரைக் கருவியாகப் பயன்படுத்தலாம். மதுவத்துக்குக் குளிர் எங்கே வலிக்கும் என்று தெரிந்தால், அதை எங்கே நிறுத்தலாம் என்றும் தெரியும்.

இதை நடைமுறையில் செய்து காட்டியவர்கள் கேரளத்தின் காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தார். சாதனம் எளிமையானது. பாளையோடு ஒரு பிவிசி குழாய், அதன் முடிவில் வெப்பம் புகாத பெட்டி, பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்கு நடுவே பதநீர் சேரும் பாத்திரம். பாளையிலிருந்து சொட்டுவது நேராக இரண்டு, மூன்று பாகைக் குளிருக்குள் விழுகிறது. பூச்சி உள்ளே போகாது. மதுவமும் பற்றீரியாவும் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே முடங்கிவிடுகின்றன. சுண்ணாம்பு வேண்டாம். கிடைப்பது தேன் நிறத்தில், புளிப்பே இல்லாத இனிப்பு நீர். கல்பரசா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதை அப்படியே குடிக்கலாம், காய்ச்சிச் சீனியாக்கலாம். மதுசாரம் இல்லாததால் கள்ளுக்கு எதிரான குரல்களுக்கும் அங்கே இடமில்லை. கள் இறக்குவது 1987 முதல் தடைசெய்யப்பட்டிருக்கும் தமிழ்நாட்டிலும் இந்த இனிப்பு நீருக்கு 2017இல் அனுமதிக் கதவு திறந்தது.

ஆனால் ஐஸ் பெட்டியை விட்டு வெளியே எடுத்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் நான்கு பாகையிலும் நொதித்தல் முற்றாக நிற்காது. மிக மெதுவாகும், அவ்வளவுதான். மூடியை இறுக்கி வைத்த போத்தல் சில நாட்களில் பொங்கி வழிவது அதனால்தான். லண்டனிலும் ரொறன்ரோவிலும் கடைகளில் கிடைக்கும் போத்தல் கள் பொங்காமல் இருப்பதற்குக் காரணம் குளிரல்ல, சூடு. சூடாக்கி மதுவத்தைக் கொன்ற பின் அடைக்கிறார்கள். அதோடு புதுக்கள்ளின் மணமும் போய்விடுகிறது. ஊர்க்கள் போல இல்லை என்று அங்கே இருப்பவர்கள் குறைப்படுவது வெறும் ஊர் ஏக்கம் மட்டுமல்ல. இலேசில் பறக்கும் அந்த எசுத்தர்கள் உண்மையிலேயே அதில் குறைவு.

மூன்றாவது வழி வைன்காரரின் வழி: பதநீரைக் குளிரில் இறக்கி, சுத்தப்படுத்தி, தேர்ந்தெடுத்த மதுவத்தைச் சேர்த்து, 15, 18 பாகையில் மெதுவாக நொதிக்க விடுவது. காட்டு நுண்ணுயிர்க் கூட்டத்துக்குப் பதில் தெரிந்த ஒரு மதுவம். அசற்றிக் அமிலக் கட்டம் வராமல் நிறுத்தலாம், மணத்தைப் பிடித்து வைக்கலாம். தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் மாதக்கணக்கில் கெடாத ஒரு பானத்தைச் செய்ய முடியும் என்பதில் அறிவியல் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதற்கு ஏற்ற மதுவத்தை வெளிநாட்டுப் பொட்டலத்தில் வாங்கவும் வேண்டியதில்லை. 1986 ஆய்வின் 166 மாதிரிகள் போல எங்கள் முட்டிகளிலிருந்தே சேகரித்து, அவற்றில் ஓரளவு குளிரைத் தாங்குபவை எவை என்று சோதிக்கலாம். ஒரே இனத்துக்குள்ளும் ஒரு வகைக்கும் இன்னொன்றுக்கும் குளிரைத் தாங்கும் திறனில் பெரிய வேறுபாடு உண்டு என்பது வைன் மதுவ ஆய்வுகள் காட்டிய விடயம்.

தடை ஐஸின் விலையில் இருக்கிறது. இந்தக் கரையில் ஐஸ் புதிய பொருளல்ல. சிலாபம், கற்பிட்டி மீன்துறைகளில் விடியற்காலையில் ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்கும். மீனுக்கு ஐஸ் போடுவது முதலாளிக்குக் கட்டுப்படியாகிறது, ஏனென்றால் கொழும்பில் மீனுக்கு விலை இருக்கிறது. ஒரு மரத்தில் நாளுக்கு ஒன்றிரண்டு லீற்றர் இறங்கும் கள்ளுக்கு, மரத்துக்கு மரம் ஐஸ் பெட்டி ஏற்றுவதென்றால் அந்தச் செலவை யார் தாங்குவது? தென்னைக்கு மேலே கயிற்றில் நடந்து மரத்துக்கு மரம் தாவும் தொழிலாளி, முட்டியோடு ஐஸையும் சுமக்க வேண்டும். காசர்கோட்டுப் பெட்டியைப் பார்த்து உற்சாகப்படுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. மரத்தில் வேண்டாம், மரத்தடியில் இறக்கிய உடனே குளிர்த்தாங்கியில் ஊற்றலாம் என்பது இடைப்பட்ட வழி. சில மணித்தியால நொதித்தல் அதற்குள் நடந்திருக்கும். இனிப்பு நீருக்கு அது உதவாது, மெதுவாக நொதிக்க வைக்கும் கள்ளுக்கு உதவும். பால் சேகரிக்கும் சங்கங்கள் செய்வதும் இதுதான். பசு வளர்ப்பவர் குளிர்த்தாங்கி வாங்குவதில்லை, சங்கம் வாங்குகிறது.

சங்கம் என்றவுடன் வடக்கு நினைவுக்கு வருகிறது. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் 1970களிலிருந்து சீவல் தொழிலாளருக்குத் தவறணையையும் விலையையும் ஓரளவு உறுதிப்படுத்திய அமைப்புகள். மிஞ்சும் கள்ளைச் சாராயமாக வடிக்க வடமராட்சியில் திக்கம் வடிசாலை இருந்தது. போரில் அது சேதமடைந்தது. போருக்குப் பிறகும் இயங்குவதும் நிற்பதுமாக இருந்தது. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் எத்தனை பனைகள் தறிக்கப்பட்டன என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தொழிலை விட்டுப்போன குடும்பங்களின் பிள்ளைகள் திரும்பி மரம் ஏற மாட்டார்கள். அதில் நியாயமும் உண்டு.

புத்தளத்துக்கும் போர் வந்தது, வேறு வழியாக. 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் முகாம்களில் பல்லாண்டுகள் வாழ்ந்தார்கள். பலர் இன்னும் அங்கேதான். கள் அவர்களின் தொழிலல்ல. ஆனால் கருப்பட்டியும் இனிப்பு நீரும் எல்லோரும் வாங்கக்கூடிய பொருட்கள், மதுசாரம் இல்லாதவை. குளிரில் பிடித்த இனிப்பு நீருக்கு இந்த மாவட்டத்திலேயே சந்தை இருக்கிறது என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உடப்பிலும் முந்தலிலும் இருக்கும் தமிழர், கரையோரச் சிங்களக் கத்தோலிக்கர், கற்பிட்டி முஸ்லிம்கள், மூன்று சாராரும் ஒரே கடையில் வாங்கும் பொருட்கள் அதிகமில்லை.

தென்னை வருடம் முழுவதும் சீவலாம்; பனைக்குப் பருவம் உண்டு. பருவம் உச்சத்தில் இருக்கும்போது தவறணையில் விற்றது போக மிஞ்சும் கள்ளை நிலத்தில் ஊற்றிவிடுவதாகத் தொழிலாளர்கள் சொல்வது புதிய முறைப்பாடு அல்ல. வடிசாலை முழு வலுவில் ஓடாதவரை ஊற்றத்தான் வேண்டும். அந்தக் கள்ளுக்கு வேண்டியது ஒரு மாதக் குளிர்கூட அல்ல. நாலைந்து நாட்கள் போதும், வடிசாலையின் லொறி வந்து சேரும்வரை. 15 பாகையில் ஒரு தாங்கி அதைச் செய்யும். சுவர் வெப்பம் புகாததாக இருக்க வேண்டும், உள்ளே காற்றுப் படாமல் மூடியிருக்க வேண்டும். காற்றுப் பட்டால் அசற்றிக் அமிலப் பற்றீரியா தன் வேலையைக் காட்டும். நொதித்தல் தானே வெப்பத்தை வெளியிடுவதால் தாங்கி பெரிதாகப் பெரிதாகக் குளிரூட்டியின் வேலை கூடும். ஆகவே ஒரு பெரிய தாங்கியை விட, சங்கத்துக்கு ஒன்றாகச் சிறிய தாங்கிகள். பகலில் சூரிய மின்சாரம் கிடைக்கும் ஊர்கள் இவை. குளிர் அதிகம் தேவைப்படுவதும் அந்தப் பகலில்தான்.